டப்பாப் பாலும் என் பி.ஏ. பரீட்சையும்

"பையன் காலேஜுக்குப் போகிற வயசில உனக்கு எதுக்கு அம்மிணி பரீட்சை? படிச்சு கலெக்டர் உத்தியோகத்துக்கா போகப் போறே?" என்று கேட்டார் என் மாமியார். தபாலில் வந்த புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த நான் பதில் சொல்லவில்லை. எனக்கே பதில் தெரியாது என்பதுதான் நிஜம்.

1998-இல் எனக்குக் கல்யாணம். அப்போது பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். "கல்யாணத்துக்கு அப்புறமும் தாராளமாப் படிக்கட்டும்" என்றார்கள் பெண் பார்க்க வந்தவர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோருமே அப்படித்தானே சொல்வார்கள்! விட்ட படிப்பை மறுபடி தொட எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. 2020-இல் தபால்வழிப் படிப்பில் அரசியல் விஞ்ஞானத்துக்கு முதலிலிருந்து சேர்ந்தேன். மூன்றாம் வருஷத்தில் விருப்பப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பஞ்சாயத்து நிர்வாகம் சுலபம், மார்க்கை அள்ளலாம் என்று கிட்டத்தட்ட எல்லோரும் அதற்குப் போனார்கள். நான் 'சர்வதேச அரசியல் பொருளாதாரம்' என்பதற்கு நேரே பேனாவால் குறி போட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு ஊர் கரூர். திரைச்சீலை, படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு என்று இங்கே நெய்து தைக்கிற சாமான்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றன. என் வீட்டுக்காரர் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலாயிற்று. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் போனஸ் இல்லை. தை மாசத்திலிருந்து பாதிச் சம்பளம். "அங்கே எவரோ வீட்டுக் கடன் கட்டலைன்னா இங்கே நாம ஏனுங்க பாலை அரை லிட்டராக் கொறைக்கணும்?" என்று அவரைக் கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். இந்த 'அது அப்படித்தான்' பதினாலு வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் வகுப்பு நடக்கும். அந்தப் பாடத்துக்கு நாங்கள் நாலே பேர். ஒரு போலீஸ்காரர், ஒரு பஸ் கண்டக்டர், பரீட்சைகளுக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஒரு சின்னப் பெண், அப்புறம் நான். முதல் நாளே சார் சொன்னார்: "பொருளாதாரம் படிச்சவங்க சந்தையை மட்டும் பார்ப்பாங்க. அரசியல் படிச்சவங்க கோட்டையை மட்டும் பார்ப்பாங்க. சந்தைக்குப் போற வண்டியை யார் நிறுத்தறாங்க, யார் விடறாங்க, எதுக்காக விடறாங்கன்னு பார்க்கிறது இந்தப் பாடம்."

இந்தப் படிப்புக்கு இங்கிலாந்தில் அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. சூசன் ஸ்ட்ரேஞ்ச் என்று பெயர். 1923-இல் பிறந்தவர். முதலில் பத்திரிகை நிருபர், பிறகு ஆசிரியை. உலகப் பொருளாதாரம் படிக்கிறவர்களும் உலக அரசியல் படிக்கிறவர்களும், பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி, ஒருவரை ஒருவர் திரும்பியே பார்ப்பதில்லை என்று 1970-இல் ஒரு கட்டுரை எழுதிக் கிளப்பிவிட்டார். (சம்பந்தி உவமை என்னுடையது.) 1978-இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியை ஆனார். 1998-இல் காலமானார். "ஆறு பிள்ளைகளுக்குத் தாய்" என்று சார் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அதுவரை கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் 1988-இல் எழுதிய 'அரசுகளும் சந்தைகளும்' என்ற புத்தகத்தின் சாரம் எங்களுக்குப் பாடம். ஒருவரை அடித்து அதட்டித்தான் ஆட்டிவைக்க வேண்டும் என்பதில்லையாம். பாதுகாப்பு யார் கையில், உற்பத்தி யார் கையில், கடன் கொடுக்கிற சக்தி யார் கையில், எது அறிவு என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் என்று நாலு கேள்வி கேட்டால் போதும், குடுமி யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் மருமகளாக இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையே இல்லை! அதோடு எதைப் பார்த்தாலும் 'இதனால் யாருக்கு லாபம்?' என்று கேட்டுப் பழகவேண்டும் என்பார்.

எல்லாப் பாடமும் இப்படி இனிக்கவில்லை. 1944-இல் பிரெட்டன் உட்ஸ் என்ற ஊரில் கூடி உலகத்துப் பண ஏற்பாட்டை வகுத்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று விலை வைத்து, அந்நிய சர்க்கார்கள் டாலரைக் கொடுத்தால் தங்கம் தருவோம் என்று அமெரிக்கா சொல்லியிருந்தது. 1971 ஆகஸ்டில் ஜனாதிபதி நிக்ஸன் 'இனி தங்கம் கிடையாது' என்று கையை விரித்துவிட்டார். நகைச் சீட்டுக் கட்டின கடைக்காரர் ஒரு நாள் காலையில் "நகை கிடையாது, ஆனா ரசீது செல்லும்" என்று சொன்னால் எப்படி இருக்கும், அந்த மாதிரி என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதைக் கிண்டவில்லை.

புத்தகத்தின் நடுவில் பன்னாட்டுக் கம்பெனிகளைப் பற்றி ஓர் அத்தியாயம். உதாரணமாக அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது குழந்தைகளுக்கான பால் பவுடர். இரவு பத்தரை மணி. அடுப்படியை ஒழித்துவிட்டு, மேடை மேல் புத்தகத்தை வைத்து நின்றபடியே படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கம் போவதற்குள் கால் தளர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகன் 2000-இல் பிறந்தான். சுகப்பிரசவம். ஒரு நர்ஸிங் ஹோமில். எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாமே. மூன்றாம் நாள் குழந்தை விடாமல் அழுதான். "தாய்க்குப் பால் பத்தலை" என்று சொல்லி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. எத்தனை நல்ல மனசு என்று என் அம்மா கை எடுத்துக் கும்பிட்டாள். பாட்டில் பாலுக்குப் பழகின பிள்ளை என்னிடம் இழுத்துக் குடிக்கச் சோம்பினான். ஒரு மாசத்துக்குள் எனக்குச் சுத்தமாக வற்றிவிட்டது.

"உனக்குப் பால் இல்லை. உங்கம்மா வீட்டு வாகு அப்படி" என்று மாமியார் சொன்னார். ஒரு தடவை இல்லை, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இலவச டப்பா தீர்ந்த பிறகு விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. பிள்ளை வளர வளர டப்பா சீக்கிரம் காலியாயிற்று. சம்பளத்தில் கால் பங்கு அதற்கே போயிற்று. அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். டப்பாவில் போட்டிருந்த அளவில் ஒரு கரண்டி பவுடரைக் குறைத்தேன். பிறகு இரண்டு கரண்டி. பார்வைக்குப் பால் வெள்ளையாகத்தான் இருந்தது. நாலாம் மாசம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். "எத்தனை கரண்டி போடறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார். "டப்பாவில் போட்டிருக்கிற அளவுதான் டாக்டர்" என்றேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். இப்போது நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். ஆனால் அந்தப் பொய்யை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். 1939-லேயே சிங்கப்பூரில் டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், தாய்ப்பாலை நிறுத்தி டப்பாப் பால் கொடுக்கத் தூண்டுவது குழந்தைகளைக் கொல்லுவதற்குச் சமம் என்று ரோட்டரி சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறார். கேட்பவர் அதிகம் இல்லை. பணக்கார நாடுகளில் பிறப்பு குறையக் குறைய, கம்பெனிகள் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று கிளம்பின. நர்ஸ் மாதிரி வெள்ளை உடுப்புப் போட்ட விற்பனைப் பெண்கள் பிரசவ வார்டுக்குள்ளேயே போனார்கள். இலவச டப்பா கொடுத்தார்கள். 1974-இல் 'வார் ஆன் வான்ட்' என்ற பிரிட்டிஷ் சங்கம் இதையெல்லாம் ஒரு சிறு புத்தகமாகப் போட்டது. காசு கட்டுபடியாகாத தாய்மார்கள் பவுடரைக் குறைத்துத் தண்ணீரை ஜாஸ்தியாக்கினார்கள், தண்ணீரும் சுத்தமில்லை, பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போயின என்று அதில் எழுதியிருந்தது.

படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே, பெயர் தெரியாத ஒரு நாட்டில், பெயர் தெரியாத ஒருத்தி அதே ஒரு கரண்டியைக் குறைத்திருக்கிறாள்.

1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனியின் சாமான்களை வாங்குவதில்லை என்று ஜனங்கள் புறக்கணிப்பு ஆரம்பித்தார்கள். (எனக்குக் கிடைத்த டப்பா எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே பேச்சில்லை.) 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார சபை கூடி, தாய்ப்பாலுக்குப் பதிலான பவுடர்களை எப்படி விற்கலாம், எப்படி விற்கக்கூடாது என்று ஒரு விதிமுறை கொண்டுவந்தது. ஆதரவாக 118 ஓட்டு. எதிராக ஒரே ஒரு ஓட்டு, அமெரிக்கா. அந்த ஓட்டை எதிர்த்து அமெரிக்க சர்க்காரின் வெளிநாட்டு உதவி இலாகாவில் இரண்டு அதிகாரிகள் ராஜிநாமா செய்தார்கள். பிள்ளை பால் குடிப்பதற்கும் ராஜாங்க ஓட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார்களா?

நம் தேசத்தில் 1992-இல் இதற்கென்று சட்டம் போட்டு, 1993 ஆகஸ்டு முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். தாய்மார்களுக்கு இலவச டப்பா கொடுக்கக்கூடாது. டப்பா மேல் குழந்தைப் படமோ தாய்ப் படமோ போடக்கூடாது. ஆஸ்பத்திரி மூலமாக விளம்பரம் செய்யக்கூடாது. 2003-இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். கவனித்தீர்களா? என் கையில் டப்பாவைத் திணித்தது 2000-இல். சட்டம் வந்து ஏழு வருஷம் கழித்து.

எனக்குப் பால் இல்லாமல் இல்லை. குடிக்கக் குடிக்கத்தான் தாய்ப்பால் சுரக்கும். மூன்றாம் நாளில் பாட்டிலைக் கொடுத்தால் பிள்ளை இழுப்பது குறையும், இழுப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும், பிறகு டப்பா இல்லாமல் முடியாது. இலவசம் என்று கொடுத்ததன் கணக்கு அதுதான். 'எது அறிவு என்று தீர்மானிக்கிற அதிகாரம்' என்று அந்த ஆறு பிள்ளைக்காரி எழுதியது, நர்ஸின் வெள்ளைச் சட்டையாக என் கட்டிலருகே வந்து நின்றிருக்கிறது.

என் குற்றமெல்லாம் கழுவப்பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கரண்டியைப் பிடித்தது என் கைதான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது பின்னால் இருந்த மற்ற கைகளும் தெரிகின்றன.

இதையே வீட்டுப்பாடக் கட்டுரையாக எழுதி சாரிடம் கொடுத்தேன். ஆவேசத்தில் பதினெட்டுப் பக்கம். சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நல்லா இருக்கும்மா. ஆனா எதிர்க்கட்சி வாதத்தையும் எழுதணும். இல்லேன்னா இது மேடைப் பேச்சு." கோபமாக வந்தது. இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து யோசித்தேன். தாயை இழந்த பிள்ளைக்கும் தத்தெடுத்த பிள்ளைக்கும் அந்தப் பவுடர்தானே உயிர்? தாய்க்குச் சில நோய்கள் இருந்தாலும், சில மருந்துகள் சாப்பிட்டாலும் டாக்டரே பவுடர் கொடுக்கச் சொல்வதுண்டு. அப்படிக் கொடுக்கும்போது கொதிக்க வைத்த தண்ணீரும் சரியான அளவும் முக்கியம். (கரண்டியைக் குறைக்காதீர்கள். என்னைவிட யார் இதைச் சொல்ல முடியும்?) வேலைக்குப் போகிறவள் என்ன செய்வாள்? 2017-இல் பிரசவ விடுமுறையை 26 வாரமாக உயர்த்திச் சட்டம் திருத்தினார்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் தெருவில் வீட்டிலேயே மிஷின் போட்டு, உருப்படிக்கு இவ்வளவு என்று துண்டு தைக்கிறாளே, அவளுக்கு அந்த விடுமுறை ஏது? அவள் தைக்கிற துண்டும் கப்பலேறித்தான் போகிறது. இதையெல்லாம் சேர்த்து எழுதினேன். கட்டுரை முதலில் இருந்ததைவிடச் சூடு குறைந்து, கனம் கூடிற்று.

இரண்டாம் தடவை எழுதிக்கொண்டிருந்த சாயங்காலம், மாமியார் எதிரே உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அப்படி என்னதான் எழுதறே? படி, கேட்கிறேன்" என்றார். படித்தேன். கம்பெனி, ஜெனீவா, ஓட்டு எதற்கும் அவர் அசையவில்லை. தாய்மார்கள் பவுடரைக் குறைத்த இடம் வந்ததும் கீரை ஆய்கிற கை நின்றது.

"நீயும் கொறைச்சியா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாங்கத்தை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நானுந்தான்" என்றார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். 1975-இல் என் சின்னக் கொழுந்தனார் பிறந்தபோது, டப்பா மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம் போட்டிருக்குமாம். பண்ணைக்கார வீட்டில் அதைத்தான் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமனாரிடம் சண்டை போட்டு வாங்கினாராம். "அந்தப் படத்துப் புள்ளை மாதிரி வருவான்னு நெனச்சேன். ஒரு மாசம் ஆஸ்பத்திரித் திண்ணையில கெடந்தோம்." அந்த டப்பா இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. கொத்தமல்லி விதை போட்டு வைத்திருக்கிறோம். படம் எப்போதோ தேய்ந்துபோய்விட்டது.

என்னைப் பற்றி இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொன்னதற்கு அவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "பொழுது போச்சு, வெளக்கேத்து" என்று எழுந்து போனார். ஆனால் பரீட்சை நெருங்கின அந்த ஒரு மாசம், காலைச் சமையலை அவரே பார்த்துக்கொண்டார். பரீட்சைக்குப் போகிற அன்று பையில் வெள்ளரிப் பிஞ்சு நறுக்கிப் போட்டிருந்தார்.

பரீட்சையில் பால் பவுடர் வரவே இல்லை! வந்தது பிரெட்டன் உட்ஸ். நகைச் சீட்டு உவமையை வைத்துக்கொண்டே ஆறு பக்கம் ஓட்டினேன். 58 மார்க். என்னோடு படித்த சின்னப் பெண்ணுக்கு 81. கண்டக்டருக்கு மட்டும் போய்விட்டது, மறுபடி எழுதித் தேறினார்.

2024-இல் கொழுந்தனாரின் மகளுக்குப் பிரசவம். அந்த 1975-ஆம் வருஷத்துக் குழந்தையின் பெண். சிசேரியன். இரண்டாம் நாள் ராத்திரி பிள்ளை அழுதான். ஒரு நர்ஸ் வந்து சின்னக் காகிதத்தில் ஒரு டப்பாவின் பெயரை எழுதி, "கீழே மெடிக்கல்ல கிடைக்கும், வாங்கிட்டு வந்திடுங்க" என்று நீட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் அதை வாங்கிக்கொண்டார்.

"டாக்டரம்மாவைக் கூப்பிடு. அவங்க பார்த்துச் சொல்லட்டும்" என்றார் என்னிடம். பேத்தியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பிள்ளையை எடுத்து அணைத்துவைத்தார். டாக்டரம்மா வந்தார். பிள்ளையின் எடையையும் மூத்திரம் போன கணக்கையும் பார்த்தார். "சிசேரியன்னா சில பேருக்கு ஒரு நாள் தாமதமாகும். அடிக்கடி குடிக்க விடுங்க, நான் காலையில் மறுபடி பார்க்கிறேன்" என்றார். மறுநாள் மத்தியானம் பால் கட்டி, பேத்தியின் ரவிக்கை நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மாமியார் வெற்றிலை போட உட்கார்ந்து, சுருக்குப் பையைப் பிரித்தார். அந்த மருந்துக்கடைச் சீட்டில்தான் சுண்ணாம்பை மடித்து வைத்திருந்தார்.